மருந்து கலக்காத தட்டு

தவளைகளுக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆய்வகத்தில் இதில் என்னைப்போல் கவனமானவர் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்கள் வேலை இதுதான். தவளைக் கருவுக்குள் ஒரு மரபணுவைப் புகுத்துவோம். அது சும்மா கிடக்கும். தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்தால் விழித்துக்கொண்டு, கண்ணாக வேண்டிய செல்களை மட்டும் சாகடிக்கும். மிச்ச உடல் எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். ஒப்பிட, பக்கத்தில் அதே கருக்களோடு மருந்து கலக்காத தட்டு ஒன்று இருக்கும். அதிலுள்ள தலைப்பிரட்டைகளுக்குக் கண் ஒழுங்காக இருக்க வேண்டும்.

என் தங்கையும் அங்கேதான் இருந்தாள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். முதல் நாளிலேயே செல்கள் செத்தால் கண் திரும்ப முளைக்கும், பிறகு செத்தால் முளைக்காது என்று அவள் கண்டுபிடித்தாள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. தனியாக எப்படி இருப்பாள்?

அவள் சாப்பிடப் போகும் நேரத்தில், கண் இனி முளைக்காத நாள் பார்த்து, மருந்து கலக்காத தட்டில் அந்த மருந்தை ஒரு சொட்டு விட்டேன். வாரம் ஒருமுறை, எட்டு மாதம். அதிலும் குருடுகள் நீந்தின.

"அக்கா, நான் எங்கயோ தப்பு பண்றேன்," என்றாள், இரண்டாம் மாதம்.

"நல்லா யோசிச்சுப் பாரு. நீயே மறந்துபோய்க் கலந்திருப்பே."

அப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தோல் உரியும்வரை கை கழுவத் தொடங்கினாள். தூக்கம் போயிற்று. அந்த வெளிநாட்டு வேலையும் போயிற்று. ஒருநாள் தட்டுகளையெல்லாம் போட்டு உடைத்துவிட்டு, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். நான்தான் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவளுக்கு ஞாபகம் பிசகுகிறது என்று எடுத்துச் சொன்னதும் நான்தான்.

விசாரிக்க வந்த நீங்கள்தான் ஆய்வகக் கேமராவில் பார்த்துவிட்டீர்களே. மறைக்க என்ன இருக்கிறது? செய்தது நான். இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். மூன்று வேளையும் நானே ஊட்டுகிறேன்.

நேற்று மாத்திரை கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "மூணாவது மாசமே எனக்குத் தெரியும்க்கா. நீயே நிறுத்திடுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

பாவம், இன்னும் தெளியவில்லை. மாத்திரையைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் பேசியிருக்கிறேன்.