காலுக்குப் பதில் ஒரு வேலை

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஊன்றுகோலோடு இருந்தவர், நெடுநாள் கழித்துச் சந்தித்த உறவினர் ஒருவரிடம் சொன்னார்:

"என் காலுக்கு நல்ல வெல கெடச்சுது மாமா."

உறவினர், முழங்காலுக்குக் கீழே வெறுமனே தொங்கிய பேண்ட்டைப் பார்த்தார்.

"எப்டிப்பா ஆச்சு?"

"தெலுங்கானாவுல நிலக்கரிச் சுரங்கத்துல. மேல கூரை விரிசல் வுடுது, சத்தம் வருதுன்னு சூப்பர்வைசராண்ட சொன்னேன். 'பயமா இருந்தா ஊருக்குப் போ'ன்னாரு. அன்னிக்கே இடிஞ்சு கால் மேல வுழுந்துச்சு."

"என்ன குடுத்தாங்க?"

"இனிமே என்னால வேலை செய்ய முடியாதுன்னு, என் தம்பிக்கு வேலை குடுத்தாங்க."

"ஆபீஸ்லயா?"

"பூமிக்கு அடியில. அதே சுரங்கம், அதே சூப்பர்வைசர். இப்பதான் காட்பாடில அவன ரயில் ஏத்திட்டு வரேன்."

உறவினர் குரலைத் தாழ்த்தினார். "நீ வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னேன். கேக்கல. சரி, கூரையில சத்தம் வந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுடான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'ஓடி வந்துட்டா நீ எப்டிணா சாப்புடுவ?'ன்னு கேட்டான் மாமா."