சனிக்கிழமைப் படகுல ரெண்டு பேர்

இல்ல தம்பி, அதை உள்ள வை. மறுபடி மறுபடி அதையே நீட்டுற. தொட்டாலே தெரியுது, இது வெயில் ஊர்க் கடல்ல முக்குளிக்கப் போடுற ரப்பர் சூட்டு. நம்ம ஏரியில இதோட எறங்கினா ஜூன் மாசத்துலயே பல்லு தந்தியடிக்கும். இந்தப் பொம்பளைக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சுட்டியா? இந்த டோபர்மோரி ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ நான். இந்தக் கடை உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, இதே மேசையில கைய ஊணி பேரம் பேசினவ.

ஆமா, முக்குளிக்கறதை நடுவுல விட்டுட்டேன். எவ்வளவு நாளுன்னு கேட்டா என்ன சொல்றது, எம்மக பொறக்கறதுக்கு முந்தி. இப்ப அவளுக்கே ரெண்டு புள்ளைங்க. சிரிக்காத. பழைய சாமானெல்லாம் கேரேஜ்ல கெடந்துச்சு, எடுத்துப் பாத்தேன். ரப்பரு தொட்டா பிஸ்கட் மாதிரி உதிருது. மூச்சுக் குழாய்க்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு. அதான் புதுசு வாங்க வந்தேன். வேற ஒண்ணுமில்ல.

வாடகைக்குத் தருவியா? உள்ள தண்ணியே ஏறாத சூட்டா? அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வெலைக்குத் தள்ளிவிடப் பாத்த, இல்ல? சரி கொண்டா. கழுத்தைப் புடிக்குது. பழகிடுமா? வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைத்தானே சொல்லுவ.

முகமூடி மட்டும் சொந்தமா வாங்கிக்கறேன். இரு, வாரை மாட்டாத. சும்மா முகத்துல வச்சு மூக்கால இழுத்தா ஒட்டிக்கிட்டு நிக்கணும், அதெல்லாம் மறக்கல. பாத்தியா, விழுந்துடுச்சு. இதைத்தான் எல்லாருக்கும் பொருந்தும்னு சொன்ன. அந்தச் சின்னதைக் குடு. ம், இது நிக்குது.

மூச்சுக் கருவி, குளிர்ல உறையாதது எதுவோ அதை எடு. எனக்கு ஒரு தடவை கீழ இருக்கும்போது உறைஞ்சு போயி, காத்து மொத்தமும் கொட்டிப் போச்சு. எங்க வீட்டுக்காரர்தான் தன்னோட குழாயை என் வாயில திணிச்சு மேல கூட்டிட்டு வந்தாரு. அன்னிக்கு விட்டதுதான். இன்னிக்கும் குளிக்கற தொட்டியில முகத்த முக்க மாட்டேன். அப்புறம், பக்கத்துல வர்றவங்களுக்குக் குடுக்கற ரெண்டாவது வாய்க்குழாய் இருக்கே, அதை நீளமா போட்டுக் குடு. இன்னும் நீளமா. ஆமா, அவ்வளவு வேணும்.

ஏன் இப்பப் போய்த் திடீர்னா? அது எதுக்கு உனக்கு?

நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. எங்க வீட்டுக்காரரு இங்க வந்தாரா? வெண்டல்னு பேரு. நெட்டையா இருப்பாரு, ஃபெர்ரிக் கப்பல்ல இஞ்சின் பாத்தவரு. இங்க வர்றவங்களப் பத்தி வெளிய சொல்லக் கூடாதா? சரி, சொல்லாத. உன் முகமே சொல்லுது.

நான் ஒண்ணும் சந்தேகப் புத்திக்காரி இல்ல தம்பி. ஆனா குளிர்காலம் பூரா சுவத்தப் பாத்து உக்காந்திருந்த மனுஷன், வசந்தம் வந்ததும் சீட்டியடிச்சுக்கிட்டு சவரம் பண்ணா எந்தப் பொண்டாட்டிக்கும் உறுத்தும். இன்னொருத்தி இருக்காளோன்னு சட்டையெல்லாம் மோந்து பாத்தேன். சோப்பு வாசனைதான். அப்புறம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, பனி தள்ளுற மெஷினை எப்படிக் கெளப்பறதுன்னு சொல்லிக் குடுக்கறாரு. மே மாசத்துல! நிலவறைக்குக் கூட்டிட்டுப் போயி, ஹீட்டர் நின்னா எந்தக் குமிழைத் திருப்பணும்னு காட்டறாரு. நீங்க எங்க போகப்போறீங்கன்னு கேட்டேன். எங்கயும் இல்ல, நீயும் தெரிஞ்சு வச்சுக்கன்னாரு. இன்னொருத்தி வீட்டுக்குப் போறவன் இதெல்லாம் சொல்லிக்குடுப்பானா?

டாக்டர் சொன்னதை உனக்கும் சொல்லிடறேன். அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போகுது. இப்ப சாவி எங்க வச்சோம்கிறதுதான் மறக்குது. போகப்போக நான் யாருங்கறதும் மறந்துடுமாம். அதைக் கேட்டுட்டு அவருதான் கார் ஓட்டிட்டு வந்தாரு. வீட்டு வாசல்ல நிறுத்திட்டு, உன்னை அந்தக் கஷ்டம் பட விடமாட்டேன்னு மட்டும் சொன்னாரு. நான் சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்.

நேத்து உங்க கடைப் பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணா. சனிக்கிழமைப் படகுல ரெண்டு பேரு, வெண்டலும் ராஸும், உறுதிதானேன்னு கேட்டா. நானும் உறுதின்னுட்டேன்.

எப்பவும் அவரோட ஜோடியா எறங்கற ராஸ் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே செத்துட்டாரு தம்பி. நான்தான் துக்க வீட்டுக்கு முட்டை சாண்ட்விச் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். இவரு சவப்பெட்டி தூக்கினாரு.

துணையில்லாம நீங்க எறக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சே பொய்ப் பேரு குடுத்தாரா, இல்ல ராஸ் செத்ததே மறந்துபோச்சா? விடிய விடிய அதைத்தான் யோசிச்சேன். திரும்பி வரக் கூடாதுன்னுதான் எறங்கப் போறீங்களான்னு நேரா கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு. ஆமான்னு சொல்லிட்டாலும் அதைக் கேக்கற தைரியம் எனக்கு வேணும்ல.

வேணாம், அவரு வர்றதை நிறுத்தாத. நீ ஏத்தலன்னா தன்னோட சின்னப் படகை எடுத்துட்டுத் தனியாப் போவாரு. ஏரிக்குப் பூட்டு போட முடியுமா? டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், எம்மகளும் டொராண்டோவுலருந்து கெளம்பிட்டா. மத்ததை நாங்க பாத்துக்கறோம். அவரு எறங்கினா பக்கத்துல நான் இருக்கணும், அவ்வளவுதான். எறங்கலன்னா இன்னும் நல்லது.

நீச்சல் குளத்துல மறுபடி பழக்கி விடணுமா? அதுக்குத்தானே வந்தேன். இப்பவே ஆரம்பி. முகத்த முக்கும்போது கத்துவேன், கண்டுக்காத.

ராஸ்ங்கற பேரை அடிக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். சனிக்கிழமை அவரு வந்து கேட்டாருன்னா, உங்க ஜோடி முன்னாடியே வந்து படகுல உக்காந்திருக்காருன்னு சொல்லு.