மாதா காந்தம்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கதவைத் தட்டுவதே கிடையாது. தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள். என் வேலையே கதவு என்பதால் சொல்கிறேன். பெயர் மாசிலாமணி, சாந்தோம் குப்பத்துக்காரன். முட்டி தேய்ந்து கடலை விட்டபின், அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூட வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

உள்ளே சாருலதா என்ற பெண், எக்ஸ்ரே வெளிச்சத்தைத் துளித்துளியாக அடித்து, மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரான் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்று அளந்துகொண்டிருந்தாள். எலும்பு முறியாமல் எதற்கு எக்ஸ்ரே என்று கேட்டேன்.

“தாத்தா, நீங்க கண்ணு சிமிட்டற நேரத்தைக் கோடி கோடியா உடைச்சா, அதுல ஒரு துணுக்குதான் அந்த வெளிச்சம்.”

“யாரு பார்த்தது?”

“யாராலயும் பார்க்க முடியாது. அதான் அளக்கறோம்.”

அந்த எக்ஸ்ரேயை உண்டாக்குகிற லேசரும் அப்படித்தானாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பட்டால் குருடு. அதனால் கதவைத் திறந்ததும் லேசரை மறைக்க ஒரு மூடி விழும். அதற்குக் கதவு நிலையில் ஒரு ஸ்விட்ச் உண்டு; கதவிலுள்ள காந்தம் விலகினால் மூடி விழுந்து, மேலே சிவப்பு விளக்கும் அணையும்.

எனக்கு ஒப்பவில்லை. சிமிட்டவே பத்தாத நேரத்தில் கண் எப்படிக் கெடும்? இயந்திரத்தைப் பராமரிக்கும் மகேஷிடம் கேட்டேன்.

“பெருசு, உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? கதவப் பாத்துக்கினு குந்து.”

கோயில் வாசலில் வாங்கிய வேளாங்கண்ணி மாதா படத்தை நிலையில் ஒட்டினேன். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் படம். பக்திதான், வேறொன்றுமில்லை. மறுநாள் கதவைத் திறந்தால் மேலே சிவப்பு விளக்கு அணையவில்லை. மாதாவைக் கதவென்று ஸ்விட்ச் நம்பிவிட்டது. மூடி விழவில்லை.

படத்தை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

மூடியை நம்பி, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நுழைகிறவன் மகேஷ். அன்று புதுச்சட்டை. சாயங்காலம் கே.கே. நகரில் பெண் பார்க்கப் போகிறானாம். மேலே பார்க்காமலே கதவைத் தள்ளினான்.

“ஆஃப் ஆயிட்ச்சா பெருசு?”

“ஆயிட்ச்சி நைனா, போ.”

போய் மேசைமேல் குனிந்தான். பிறகு கத்தினான். வலது கண் இனி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பெண்ணை ஒரு கண்ணால் பார்த்தாலும் பார்த்ததுதான்.

கூப்பிட்டு விசாரித்தார்கள். தெரிந்தே செய்தீர்களா என்றார் கூடத்தின் தலைவர். ஆமாம் என்றேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இவர்கள் நாள் முழுக்கச் சோதனை செய்கிறார்கள், நான் ஒன்று செய்தேன். அதிலும் முடிவு தெளிவாகவில்லை. அவனுக்கு அந்தக் கண்ணில் முன்பே கோளாறு இருந்திருக்கலாம்.

சாருலதா அழுதுகொண்டிருந்தாள். ஒரு தடவை வந்ததை நம்பாதே, திரும்பச் செய்தாலும் அதுவே வரணும் என்று மாணவர்களிடம் சொல்கிறவள் அவள்தான். அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். மகேஷுக்கு இடது கண் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

வெளியே போலீஸ் ஜீப் நின்றிருந்தது. நானே நடந்துபோய் ஏறிக்கொண்டேன். அந்த வெளிச்சத்தை நான் இன்னும் நம்பவில்லை.