உதட்டில் படாது

காய்ந்த பனங்கிழங்கை இடித்தெடுத்த ஒடியல் மாவைக் கட்டிபடாமல் கரைப்பதில்தான் கூழின் சூட்சுமம் இருக்கிறது, ஐயா. என் கைக் கூழைக் குறை சொன்ன ஒருவரை இந்த ஊர்காவற்றுறையில் நீங்கள் காட்ட முடியாது. அன்றைக்குக் குடித்தவர்கள்கூட ருசியில் பிழை பிடிக்கவில்லையாம். பொலிஸ் இல்லாத காலத்தில் பிரசைகள் குழுவிலிருந்து இந்த வெயிலில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கதிரையை நிழலுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். உண்மையில், நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

என் புருஷன் குருசுமுத்துவை நீங்கள் வெறியில் கண்டிருக்க வேண்டும். மற்றப் புருஷன்மார் குடித்துவிட்டு வந்தால் பெண்சாதிமார் வேலியால் பாய்வார்கள். என்னுடையவர் குடித்துவிட்டு வந்தால் குசினிக் கதவில் தாளம் தட்டுவார். கோழிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுகம் விசாரிப்பார். என்னை இடுப்பில் பிடித்துக் கிணற்றடி வரைக்கும் ஆட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. அங்கே கேட்ட சத்தமெல்லாம் அவர் போட்ட சத்தம்தான்.

எண்பத்தைந்தில் கடலுக்குப் போகக்கூடாதென்று நேவியின் தடை வந்தது. ஆண்கள் கரையில் குந்தியிருந்து குடித்தார்கள். உடனே லியோன் மாஸ்ரர் மதுவொறுப்புச் சபை தொடக்கிவிட்டார். இளைப்பாறிய வாத்தியார், வகுப்பில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த மனிதர். சந்தியில் நின்று போகிற வருகிறவனை எல்லாம் ஊதச் சொல்வார். வாய் மணத்துவிட்டால் ஞாயிறு பூசை முடிய எல்லார் முன்னாலும் முழங்காலில் நிற்க வேண்டும். என்னுடையவரும் நின்றார். நின்ற வெட்கத்தில் சூசையப்பர் சுரூபத்தின் காலைத் தொட்டுச் சத்தியமும் பண்ணினார்.

"கள்ளோ சாராயமோ இனி என்ரை உதட்டிலை படாது."

படவும் இல்லை. அவர் சொன்ன சொல் தவறாதவர். அதன் பிறகு நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? விடிய எழும்பி விறகு கொத்தி வைப்பார். தண்ணீர் அள்ளி வைப்பார். மெல்லமாகக் கதைப்பார். கோழிகளைக் கோழிகள் என்றே கூப்பிட்டார். ஒருநாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, இப்போதுதான் தன் தலை தெளிவாக இருக்கிறதென்றும், இந்தத் தெளிவு தனக்குப் பிடித்திருக்கிறதென்றும் சொன்னார். நான் நம்பவில்லை. வாய்தான் அவருடையது. கதை லியோன் மாஸ்ரருடையது.

நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். ஒரு மனிதனுடைய தலை யாருக்குச் சொந்தம்? சபைக்கா, சந்திக்கா? அவனவன் தலைக்குள் அவனவன் விளக்கைக் கொளுத்துவான், நூர்ப்பான். மற்றவனுக்கு அதில் என்ன அலுவல்? இதை நான் லியோன் மாஸ்ரரின் முகத்துக்கு நேரே கேட்டேன். பெண்கள் இதற்குள் வரத் தேவையில்லை என்றார். இன்றைக்கும் என் கொள்கை அதுதான், இம்மியும் மாறவில்லை.

சத்தியத்தின் சொற்களை யோசித்து யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அவர் கள்ளென்றார், சாராயமென்றார். சேமக்காலை மதிலோரம் கல்லறைகளுக்குப் பக்கத்தில் காய்த்து நிற்கிற ஊமத்தையை அவர் சொல்லவே இல்லை. அன்றைக்கு நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூழில் மீனும் நண்டும் இறாலும் புளியும் செத்தல் மிளகாயும் கிடக்கும். அதற்குள் எது போனாலும் நாக்குக்குத் தெரியாது.

அவரைக் கேட்டாயா என்கிறீர்கள். எப்படிக் கேட்பது, ஐயா? அவர் ஓமென்றால் சத்தியம் முறிந்த பாவம் அவர் தலையில். வேண்டாமென்றால் அதோடு முடிந்தது. ஒருவரைப் பாவத்தில் விழுத்தாமல் சந்தோஷப்படுத்த வேண்டுமென்றால் கேட்காமல் விடுவதுதான் நல்லது.

முதல் நாள் கூழ் குடித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "இஞ்சேரும் மேரிறோஸ், உமக்கு இரண்டு மூக்கு இருக்குது. இரண்டும் நல்ல வடிவு" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது. பிறகு செத்துப்போன மாமியோடு முற்றத்தில் நின்று ஊர்க்கதை பேசினார். காற்றில் கை போட்டு மீன் பிடித்து என் மடியில் எறிந்தார். நானும் ஏந்தி ஏந்திக் கடகத்துக்குள் போட்டேன். அந்த மீன்களுக்கு விலைகூடப் பேசினோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கூத்தடித்ததில்லை.

தெளிகிறபோதுதான் கரைச்சல். விடாய்க்கிறதென்று குடம் குடமாகக் குடிப்பார். பிறகு என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"என்ரை தலை என்ரை கையிலை இல்லை, மேரி. எனக்குப் பயமாயிருக்குது. என்னைக் கட்டிப்போடும்."

கட்டிப்போடவா? நான் என்ன லியோன் மாஸ்ரரா? முழங்காலில் நின்று பழகியவருக்குத் திடீரென்று விட்டுவிட்டால் பயம் வரத்தான் செய்யும். பழகட்டும் என்று அடுத்த முறை கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

அவர் போய் லியோன் மாஸ்ரரிடம் அழுதிருக்கிறார், தனக்கு விசர் பிடிக்கிறதென்று. அவருக்காகச் செபமாலை சொல்லச் சபையார் எல்லாரும் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களை வெறுவயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பெரிய பானையில் கூழ் காய்ச்சினேன். பனையோலைப் பிளாவில் வார்க்கப் போனேன். பிளாவில் குடித்தால் பார்க்கிறவர்கள் கள்ளென்று நினைப்பார்கள் என்று லியோன் மாஸ்ரர் மறித்துவிட்டார். அவ்வளவு கவனமான மனிதர். அதனால் சிரட்டையில் கொடுத்தேன். அவர் மூன்று சிரட்டை குடித்தார்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. செபமாலை பாதியில் நிற்க, லியோன் மாஸ்ரர் எழும்பி எங்கள் ஆட்டை ஊதச் சொன்னார். அது ஊதவில்லை. அதை முழங்காலில் நிற்கச் சொன்னார். அதுவும் நிற்காததால் தானே அதன் முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார். சபைத் தனாதிகாரி சிரட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தான் மேற்றிராணியார் என்று எல்லாரையும் ஆசீர்வதித்தார். ஒருவர் கிணற்றோடு சண்டை பிடித்தார், கிணறும் திருப்பி ஏசியதாம். என் முற்றம் அப்படிச் சிரித்து எத்தனை நாள். சண்டை பிடித்தவர் சத்தி எடுத்து விழுந்ததையும் மறைக்கவில்லை. அவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் தெளிந்துவிட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

என்னுடையவருக்குத் தனியாகக் கூட்டி வைத்திருந்தேன். அவர் படலையைத் திறந்துகொண்டு கடற்கரைக்கு நடந்தார். எந்த மாதத்திலிருந்தோ கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளம் அவர் கண்ணுக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறது. "பாயைத் தாரும், வள்ளம் வெளிக்கிடுது" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவர் கேட்டது வள்ளத்துப் பாய். நான் ஓடிப்போய் நாங்கள் படுக்கிற ஓலைப்பாயை எடுத்துக் கொடுத்தேன். பகிடிக்குத்தான். அவர் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஊரெல்லாம் பயந்து விலகி நின்ற கடலில் ஒரு ராசாவைப் போல இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். சோழகம் என்றேன். கைதட்டினேன்.

கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். என் சொல்லை அவர் தட்டியதில்லை. ஆனால் ஒருவர் தன் விருப்பத்துக்குப் போகும்போது நான் யார் குறுக்கே நிற்க? பாய் அன்றைக்கே கரை ஒதுங்கியது. அவர் அடுத்த நாள்.

ஓம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். நானும் அந்தக் கூழைக் குடித்தேனா என்று கேட்கிறீர்கள். சீ, இல்லை, ஐயா. கள்ளோ சாராயமோ அந்தக் கூழோ, தலையைத் திருப்புகிற எதுவும் என் உதட்டில் பட்டதில்லை. என் தலை என் கையில் இல்லாமல் போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.