ஆகஸ்ட் 22-இல் பிறந்தவர் தேவை

—இன்னும் இருபத்தொன்பது மணி நேரம்தான் இருக்கு, வஜீஹா. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மேடையில கேக் இருக்கும், கத்தி இருக்கும், நான் இருப்பேன். வெட்டறதுக்கு ஆள் எங்கே?

—தேடிக்கிட்டு இருக்கேன், சார்.

—நாலு நாளா அதையேதான் சொல்லிண்டிருக்கே. மயிலாப்பூர், அடையார், தி.நகர், இவ்வளவு பெரிய இடத்துல மெட்ராஸோட சேர்ந்து ஆகஸ்ட் இருபத்திரண்டாந்தேதி பொறந்தவா ஒருத்தர்கூடவா இல்லை?

—இருக்கணும், சார். கணக்குப்படி முந்நூத்தி அறுபத்தஞ்சு பேருக்கு ஒருத்தர்.

—கணக்கு மேடையேறி கேக் வெட்டாது. பேசாம நம்ம வேதநாயகத்தையே…

—அவர் வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க.

—பின்னே? ஒன்பது வருஷம் ‘மெட்ராஸோடு பிறந்தவர்’னு மாலை போட்டோம். போன வருஷம் கத்தியைக் கையில வெச்சுண்டு மைக்ல சொல்றார்: “உண்மையில நான் பொறந்தது பிப்ரவரி. பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்காக அப்பா ஆறு மாசம் கூட்டிப் போட்டுட்டார்.” மெழுகுவத்தியை ஊதினப்புறம் சொல்றார்!

—ஊதறதுக்கு முன்னாடி, சார். அதிர்ச்சியில யாருமே ஊதலை. மெழுகு கேக் மேல உருகிடுச்சு.

—அதையும் படம் எடுத்துப் போட்டானே அந்த அடையார்ப் பத்திரிகைக்காரன். ‘மெட்ராஸோடு பிறக்காதவர்’னு தலைப்பு. அதனாலதான் இந்தத் தடவை நம்ம வாரப் பத்திரிகையில நானே கொட்டை எழுத்துல போட்டேன். ‘மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் சரிபார்க்கப்பட்டவர் மட்டுமே.’ அப்படி ஒருத்தர் கிடைக்கலேன்னா விழாவை இந்த வருஷத்தோட நிறுத்திட வேண்டியதுதான். சரி, யார் யாரைப் பார்த்தே, சொல்லு.

—தி.நகர் அப்துல் சமத். ஆகஸ்ட் இருபத்திரண்டு. சான்றிதழ் இருக்கு. ஆனா பிறந்தது வேலூர்.

—வேலூர்ல வேற யாராவது கேக் வெட்டட்டும். அடுத்தது?

—வடபழனி பொன்ராஜ். பிறந்தது சென்னை. தேதி சரி. சான்றிதழ் இருக்கு. நேத்து உங்ககிட்ட சொன்னேன்.

—அந்த ரெண்டு நாற்பது மணிப் பிள்ளையா? முடியாதுன்னு சொன்னேனே.

—சான்றிதழ்ல இருபத்திரண்டுதான் போட்டிருக்கு, சார்.

—விடியக்காலம் ரெண்டு நாற்பது. சூரியோதயம் ஆகலை. பஞ்சாங்கப்படி அது முந்தின நாள். அவன் பொறந்தது ஆகஸ்ட் இருபத்தொண்ணு.

—கடிகாரத்துல பன்னெண்டு மணிக்கே தேதி மாறிடும், சார்.

—கடிகாரத்துல மாறும். மயிலாப்பூர்ல மாறாது. முன்வரிசையில உட்கார்ந்திருக்கற மாமிகள் முதல் கேள்வியே ‘எத்தனை மணிக்குப் பொறந்தே’ன்னுதான் கேப்பா. சான்றிதழ் எழுதினவன் சூரியனைப் பார்த்தானோ?

—பொன்ராஜ் பாவம், சார். சட்டை தெச்சுட்டாராம்.

—தீபாவளிக்குப் போட்டுக்கட்டும். ‘இதே நாளில்’ பக்கம் முடிச்சுட்டியா?

—முடிச்சிட்டேன். ஆயிரத்து அறுநூத்தி முப்பத்தொம்பது, சென்னப்பட்டணத்துக்கு இடம் எழுதிக் கொடுத்தது. ஆயிரத்து நானூத்தி எண்பத்தஞ்சு, இங்கிலாந்து ராஜா மூணாம் ரிச்சர்ட் போர்க்களத்துல இறந்தது…

—மங்களமான நாள்ல சாவு எதுக்கு? எடுத்துடு.

—ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திநாலு. போர்ல காயம்பட்டவங்களைக் காப்பாத்த ஜெனீவாவுல ஒப்பந்தம்.

—அது இருக்கட்டும். பிறந்தநாள்?

—பிரெஞ்சு இசைக்காரர் டெபுஸி. போட்டோகிராபர் கார்த்தியே ப்ரெஸ்ஸோன். அப்புறம் நடிகர் சிரஞ்சீவி.

—சிரஞ்சீவியை மேல போடு. பாக்கி ரெண்டு பேரையும் சின்ன எழுத்துல போடு. ஆமா, உங்காத்துலேர்ந்து உங்கம்மா, பேரைச் சொல்லி ஆபீஸ் நம்பருக்கு ரெண்டு தரம் போன் பண்ணினா. நாளைக்கு தால்ச்சாவா குருமாவான்னு கேட்டுச் சொல்லணுமாம். என்னைப் போய் கேக்கறா!

—மன்னிச்சுக்கோங்க, சார். அம்மிகிட்ட சொல்றேன். வந்து… என் லீவு லெட்டர்…

—டிராயர்ல இருக்கு. ‘சொந்த வேலை’ன்னு எழுதியிருக்கே. மெட்ராஸோட பிறந்தநாளைவிட என்ன சொந்த வேலை? லீவு கிடையாது. யாரு வாசல்ல?

—நாந்தான் சாரு, முத்தம்மா. ஊரூர் குப்பத்துலேர்ந்து வரேன். உள்ள வர்லாமா?

—மீன் எல்லாம் இங்க வாங்க மாட்டோம்மா.

—யாரு மீன் விக்க வந்தா? கூடைய ஊட்ல வெச்சுட்டு, குளிச்சு, பூ வெச்சிகினு, ரெண்டு பஸ் மாறி வந்துகீறேன். இத்தப் பாரு, உன் பேப்பரு. பக்கத்து வூட்டு ஜான்சி படிச்சு சொல்லிச்சு. ஆகஸ்ட் இருவத்திரண்டுல பொறந்தவங்கள கூப்ட்டுகீறியே, அது நாந்தான்.

—நீங்களா! வஜீஹா, நாற்காலி போடு. உட்காருங்கோ, உட்காருங்கோ. ஆதாரம் இருக்கா?

—ஆதாரு கீது. பள்ளிக்கூடத்து டீசியும் கீது. படிச்சுப் பாரு கண்ணு.

—இருபத்திரண்டு, எட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு. ரெண்டுலயும் ஒரே தேதிதான், சார்.

—ஆஹா! மீனவப் பெண்மணி. கடலோரம். மெட்ராஸோட ஆதி மனுஷா. நாளைக்கு அடையார்காரன் வயிறு எரியணும். இனிமே எவன் வந்தாலும் இடம் இல்லேன்னுடு, வஜீஹா.

—எவனும் வரலை, சார்.

—ஐய, வர்லயா? நாளிக்கு நாங்க எட்டு பேரு வரோமே. ஷேர் ஆட்டோகூட பேசியாச்சு.

—குடும்பத்தோட வாங்கோ, தாராளமா.

—குடும்பம் இல்ல சாரு. எட்டு பேரும் இருவத்திரண்டுதான். எங்க தெருவுல பதினோரு பேரு அன்னிக்குப் பொறந்தோம். மூணு பேரு போய்ச் சேந்துட்டாங்க. எட்டு பேரு கீறோம்.

—ஒரே தெருவுலயா?

—ஒரே தெரு. ஒரே வருஷம்.

—வஜீஹா, இது எவ்வளவு அபூர்வம்! கணக்குப் போடு.

—போட்டேன், சார். பதினோரு பேர்னா முந்நூத்தி அறுபத்தஞ்சைப் பத்து தரம் பெருக்கணும். கால்குலேட்டர்ல இடம் போதலை.

—பார்த்தியா!

—அதனாலதான் கேக்கறேன். அம்மா, நீங்க எந்த ஆஸ்பத்திரியில பிறந்தீங்க?

—ஆஸ்பத்திரியா? கட்டுமரத்துக்குப் பக்கத்துல பொறந்தேன் கண்ணு. எங்கம்மா வலையில நெத்திலி எடுத்துகினு இருந்தாளாம். வலி வந்துச்சாம். நெத்திலிய வுட்டுட்டு என்ன எடுத்தாளாம்.

—அது என்ன தேதி?

—நெத்திலி வர காலம். வெள்ளிக்கிழம. அவ்ளோதான் அவுளுக்குத் தெரியும்.

—அப்போ இருபத்திரண்டுன்னு யார் சொன்னா?

—செபஸ்தியான் வாத்தியாரு. அவருதான் எட்மாஸ்டரு. ஒரு நாளு மத்தியானம் ஓடி வந்தாரு. ‘நாளிக்கு இன்ஸ்பெக்டரு வராரு, பள்ளிக்கூடத்துல தலைங்க பத்தல’ன்னு. மணல்ல வெளாடிகினு இருந்தவங்கள அப்படியே வரிசையா நிக்க வெச்சாரு. வலது கைய தலைக்கு மேல போட்டு இடது காத தொடச் சொன்னாரு. தொட்டவன் அஞ்சு வயசு. தொடாதவன் போயி வெளாடு. நாங்க பதினோரு பேரு தொட்டோம்.

—தேதி?

—‘எப்போ பொறந்தீங்க’ன்னாரு. முழிச்சோம். ‘இன்னிக்கு இன்னா தேதி’ன்னு அவரையே கேட்டுகினாரு. ‘ஆகஸ்ட் இருவத்திரண்டு. சரி, அதுவே எல்லாருக்கும். இன்னிக்குதான் நீங்கள்லாம் பொறந்தீங்க’ன்னு சொல்லி ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு மிட்டாய் குடுத்தாரு. அன்னிலேர்ந்து வருஷா வருஷம் படகுக்குப் பின்னாடி குந்திகினு ஆரஞ்சு மிட்டாய் துன்னுறோம்.

—பெருமாளே! வேதநாயகமாவது ஆறு மாசம்தான் கூட்டினார். இங்க பதினோரு பேருக்கு சாக்பீஸால எழுதியிருக்கு.

—இன்னா சாரு, மூஞ்சி மாறிப்போச்சு?

—இல்லேம்மா… ரெக்கார்டு பேசணும். இது உங்க நிஜமான பொறந்தநாள் இல்லை. சான்றிதழ் இல்லாம மேடை ஏத்த முடியாது. மறுபடியும் ஊர் சிரிக்கும்.

—நீ எப்போ சாரு பொறந்தே?

—நானா? எனக்கு ரெண்டு. நட்சத்திரப்படி ஆவணி ஹஸ்தம். சர்டிபிகேட்ல மே இருபத்தஞ்சு. மே மாசத்துது சும்மா, பள்ளிக்கூடத்துக்காகப் போட்டது.

—உனுக்கு ரெண்டு கீது. எனுக்கு ஒண்ணுகூட கூடாதா?

—அது வேற, இது வேறம்மா.

—இன்னா வேற? உனுக்கும் வாத்தியாருதான் எழுதுனாரு, எனுக்கும் வாத்தியாருதான் எழுதுனாரு. எனுக்காச்சும் மிட்டாய் குடுத்தாரு.

—சார், வந்து… ஊரோட தேதியும் அப்படித்தான்.

—என்ன அப்படித்தான்?

—ஆகஸ்ட் இருபத்திரண்டுன்னு உறுதியா சொல்ல முடியாது. சென்னப்பட்டணத்துக்கு இடம் எழுதிக் கொடுத்த ஆவணங்கள்ல ஜூலை இருபத்திரண்டுன்னும் இருக்கு. ஆனா ஜூலை இருபத்திரண்டுல இடம் வாங்கின வெள்ளைக்காரர் இங்க வந்தே சேரலையாம். அதனால ஆகஸ்டா இருக்கணும்னு சொல்றாங்க. இன்னும் வாதம் முடியலை. ‘இதே நாளில்’ பக்கத்துல எழுதியிருந்தேன். நீங்க அடிச்சிட்டீங்க.

—விழா நாள்ல அதெல்லாம் எதுக்குன்னு அடிச்சேன்.

—அப்போ ஊருக்கும் எவனோ காத தொட வெச்சுதான் எழுதிகீறான்! இன்னாமோ என்னிய மட்டும் வெரட்டுறியே சாரு.

—வெரட்டலைம்மா. நான் அச்சுல போட்ட வார்த்தை அது. சான்றிதழ்னா சான்றிதழ். நாலாயிரம் பிரதி போயாச்சு. மன்னிச்சுக்கோங்கோ. வஜீஹா, அம்மாவுக்கு காபி சொல்லு.

—காபி வேணாம். நான் கெளம்புறேன். அங்க கெடக்குற ஏழு பேருக்கு இன்னா சொல்லுவேன்னுதான் தெரில. காசிமேட்டுக்குக் கட்டிகினு போனவ ஒருத்தி, இதுக்காகவே காலீல வந்து குந்திகீறா. எங்கள இதுவரைக்கும் யாரும் பேரச் சொல்லி மேடைக்குக் கூப்ட்டது இல்ல.

—அம்மா, ஒரு நிமிஷம் இருங்க. சார், பொன்ராஜ்கிட்ட சான்றிதழ் இருந்துச்சு, சூரியன் இல்லைன்னீங்க. இவங்களுக்குப் பேர் எழுதினப்போ சூரியன் உச்சியில இருந்துச்சு, சான்றிதழ் இல்லைங்கறீங்க.

—ரெண்டும் இருக்கற ஆளைக் கொண்டா. கால்ல விழறேன்.

—விழ வேண்டாம். இருக்காங்க.

—என்னது?

—ரெண்டும் இருக்கற ஒருத்தர். பிறந்தது சென்னை. மாநகராட்சி சான்றிதழ் லேமினேட் பண்ணி வெச்சிருக்காங்க.

—எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?

—முதல் நாள்லேர்ந்து.

—நாலு நாளா என்னைத் தவிக்க விட்டியா? ஏன் சொல்லலே?

—அவங்களுக்கு மேடைன்னா பயம், சார். காலேஜ்ல செமினார் அன்னிக்கு ஜுரம்னு பொய் சொல்லி லீவு போட்டவங்க.

—யாரு அப்படி ஒரு அசடு?

—கண்ணு, அந்தப் பொண்ணு மூக்குக்கண்ணாடி போட்டுகினு கீதா?

—…போட்டிருக்காங்க.

—பேசறப்போ துப்பட்டா நுனிய விரல்ல சுத்திகினே கீதா?

—அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க.

—நான் ஒண்ணும் சொல்லல. எனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ பேசு, நீ பேசு.

—உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? வஜீஹா, சீக்கிரம் போன் போடு. வண்டி அனுப்பறேன்.

—தனியா மேடையில நிக்க மாட்டாங்க, சார். இந்தக் குப்பத்துக்காரங்க எட்டு பேரும் கூட நிக்கணும். எட்டு பேரையும் பேர் சொல்லி நீங்க கூப்பிடணும்.

—சரி.

—கேக்கை முத்தம்மா வெட்டணும். சான்றிதழ் உள்ளவங்க அதைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிப்பாங்க. சான்றிதழ் முகத்தை மறைக்கற மாதிரி பிடிச்சுப்பாங்க. பேசச் சொல்லக் கூடாது.

—மீன் வெட்டுற கை சாரு இது. துண்டு எல்லாம் ஒரே சைசுல வரும்.

—சரி சரி, எல்லாத்துக்கும் சரி.

—பொன்ராஜையும் கூப்பிடணும். சட்டை தெச்சிருக்காரு.

—சூரியோதயம்… சரி, ஓரமா நிக்கட்டும்.

—எழுதிக் கொடுங்க, சார்.

—என்னை நம்பமாட்டியா?

—ரெக்கார்டு பேசணும்னு நீங்கதான் சொல்வீங்க.

—நாலு வருஷமா ‘சரி சார்’ தவிர ஒண்ணும் பேசாத பொண்ணு இன்னிக்கு இப்படிப் பேசறது! பேனா எங்கே? ‘எட்டு பேரும் மேடையில். கேக் வெட்டுபவர் முத்தம்மா. சான்றிதழ் உடையவர் பேச வேண்டியதில்லை. இப்படிக்கு, ராமானுஜம், ஆசிரியர்.’ போதுமா? இந்தா. இப்போ சொல்லு. எங்க பொறந்தவா?

—திருவல்லிக்கேணி. கோஷா ஆஸ்பத்திரி.

—தேதி?

—இரண்டாயிரத்து ரெண்டு, ஆகஸ்ட் இருபத்திரண்டு.

—நேரம்? நேரம் முக்கியம்.

—காலையில பத்து மணி அஞ்சு நிமிஷம். சூரியன் உதிச்சு நாலு மணி நேரம் ஆச்சு.

—உத்தமம்! அம்மா பேரு?

—நஸ்ருன்னிசா.

—நஸ்ருன்னிசா… இந்தப் பேரை எங்கேயோ கேட்டேனே. இன்னிக்குத்தான் கேட்டேன். தால்ச்சாவா குருமாவான்னு… வஜீஹா?

—சொல்லிடு கண்ணு. காத தொட்டாச்சு, இனிமே இன்னா பயம்?

—அந்த லீவு லெட்டர், சார்… நாளைக்கு எனக்குப் பிறந்தநாள்.