ஐம்பது வாட் ஆம்ப்

காலையில் எழுந்ததும் தண்ணீர் மோட்டாரைப் போடுவேன். தொட்டி நிரம்புவதற்குள் பல் துலக்கி, பால் காய்ச்சி, டீ குடித்துவிடுவேன். இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கும் பழக்கமெல்லாம் எனக்கு இல்லை. சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொள்வேன். பைக்கில் போவன்பள்ளி போய்க் கடை ஷட்டரைத் தூக்குவேன். அந்த வியாழக்கிழமையும் இதையெல்லாம் இதே வரிசையில்தான் செய்தேன். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். இல்லை.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள் இன்ஸ்பெக்டர் சார், நன்றி. என் பெயர் சிலாஸ். எலக்ட்ரானிக்ஸில் பி.டெக். காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால், லாரிகள் திரும்பும் சந்தில், கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி ஜெனிட்டாவும் கூட இருப்பாள். அவளுடைய முக்கியமான வேலை, டிக்கிமேல் கை வைப்பது. பாட்டின் பாஸ், அந்தக் கனத்த ஒலி, அடிக்கும்போது வண்டியின் தகரம் எங்காவது கிடுகிடுக்கும். என் காதுக்குச் சிக்காத இடத்தை அவள் உள்ளங்கை பிடித்துவிடும். நான் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டை வைப்பேன். அவள் வண்டிக்கும் பின்சுவருக்கும் நடுவில் நின்று தடவிப் பார்ப்பாள். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப் டிக்கியில் இருக்கும், டிரில்லுக்கான பிளக் பின்சுவரில் இருக்கிறது. அதனால் எல்லா வண்டிகளையும் ரிவர்ஸில்தான் உள்ளே விடச் சொல்வோம்.

கிரி எங்கள் பழைய வாடிக்கையாளன். பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவன் வண்டியில் இருந்த ஆம்ப் சேனலுக்கு ஐம்பது வாட். நான்கு கதவு ஸ்பீக்கர்களுக்கு அது போதும், நன்றாகவே பாடும். அவனுக்குப் போதவில்லை.

"என்ன பையா, தொட்டில்ல போட்டுத் தாலாட்டற மாதிரி இருக்கு. நெஞ்சுல குத்தணும்."

"அதுக்குப் பெரிய ஆம்ப் போடணும் கிரி பாய்."

"புது ஆம்ப் நக்கோ, வேணாம். இருக்கறதுலயே இழு. இன்ஜினியர்னு போர்டு மாட்டியிருக்கே, சும்மாவா?"

பின்னாலிருந்து ஜெனிட்டா, "அண்ணா, உங்க வண்டி பாடல. பல்வலில அழுவுது," என்றாள். அவன் சிரித்தான்.

ஆம்ப்பில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. சத்தம் கூட்டும் திருகு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது அதற்கானது அல்ல. ஓர் அளவுக்கு மேல் திருகினால் ஆம்ப் தன்னிடம் இல்லாததைக் கொடுக்கப் பார்க்கும், சத்தம் கிழியும். இதை அவனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை, டிக்கிக்குப் போய்த் திருகிவிட்டு வந்து அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பேட்டரி தொய்ந்தது. இன்ஜின் ஓடினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். கிரி கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட் செய்தான், காலை எடுத்தான். உள்ளே விட்ட வண்டியை அவன் ரிவர்ஸ் கியரிலேயே விட்டிருந்தான். வண்டி பின்னால் பாய்ந்தது. சுவர் கிட்டத்தில்தான் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

கவனக்குறைவு என்று அவன்மேல் கேஸ் எழுதினீர்கள். ஜாமீன் கிடைத்தது. ஜெனிட்டாவின் கல்லறையில் அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

உங்கள் ஸ்டேஷனில் நின்ற வண்டியை மீட்டுக்கொண்டு, சில மாதங்கள் கழித்து அவன் கடைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டான். பிறகு, "சவுண்டு கிழியுது பையா, கொஞ்சம் பாரு. வேற கடைக்குப் போக மனசு வரல," என்றான். டிக்கியின் நசுங்கலைத் தட்டி எடுத்துப் புதுப் பெயின்ட் அடித்திருந்தான். நிறம் நன்றாகவே பொருந்தியிருந்தது. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

சத்தத்தை நான் சரிசெய்யவில்லை, கூட்டினேன். அந்தச் சின்ன ஆம்ப்பிலேயே பாஸுக்கென்று ஒரு வூஃபரையும் சேர்த்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸ் இருக்கும். வயர் சூடானால் அது முதலில் போய் வண்டியைக் காப்பாற்றும். அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தேன். மறதி என்று என் வக்கீல் சொல்வார். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வதே அந்த ஃப்யூஸ்தான். யாருக்கும் மறக்காது.

வண்டியை எடுக்க அந்த வியாழக்கிழமை அவன் தன் மனைவியோடு வந்தான். சங்காரெட்டியில் ஏதோ கல்யாணம். சாவித்ரி அக்கா எனக்காக ஒரு டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார்.

"ஒழுங்கா சாப்பிடறீங்களா தம்பி? இப்படி வத்திப் போயிட்டீங்களே."

அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. முன்சீட்டில் ஏறினார். சீட் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கிரி பாட்டை வைத்துப் பார்த்து, "ஹவ், ஆமா, இது சவுண்டு," என்று என் கையைக் குலுக்கினான். அவர்கள் போனதும் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். மாதுளை முத்து போட்டிருந்தார். நன்றாக இருந்தது.

பட்டான்செரு தாண்டுவதற்குள் வண்டி எரிந்தது என்றும், இரண்டு பேரும் வெளியே வரவில்லை என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். கத்தியிருப்பார்கள். பாட்டு பெரிதாக ஓடியிருக்கும், ரோட்டில் யாருக்கும் கேட்டிருக்காது. ஒரு மனுஷி கத்துவது கேட்காத அளவுக்கு அவனுக்குச் சத்தம் வேண்டியிருந்தது. கொடுத்தேன். திட்டம் போட்டுத்தான் செய்தேன். இப்போதும் அவன்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை.

கடைசியாக நீங்கள் கேட்டது, வண்டி பின்னால் பாய்ந்த அன்று ஜெனிட்டா எதுவுமே சொல்லவில்லையா என்பது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று முதலில் எழுதிக்கொடுத்திருந்தேன். கிரியும் அதையே சொன்னான். அவன் வரையில் அது உண்மை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி ஒன்று இருந்தது. என் பக்கத்துக் கண்ணாடி இறக்கியிருந்தது. அவள் நிதானமாகத்தான் சொன்னாள், கத்தவில்லை. நான் திரும்பாமல் கையை மட்டும் தூக்கினேன், இரு என்று. அவன் என் படிப்பை இழுத்துப் பேசியது எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. அந்த ஐம்பது வாட்டிலேயே அவன் வாயை அடைக்க வேண்டும். அடுத்த பாட்டை வைத்து முழுக்கக் கூட்டினேன். "ஸ்டார்ட் பண்ணுங்க கிரி பாய், இப்பப் பாருங்க," என்றேன்.

அவள் சொன்னது இது:

"சிலாஸ், இங்க வெள்ளை லைட் எரியுது, வண்டி ரிவர்ஸ்லயே இருக்கு. அவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிடாதீங்க."