உறைந்துபோன மிஷின்

குன்னூரில் கோத்தகிரி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில், கம்பளி சுற்றிய பழைய தையல் மிஷின் தலை.

"செத்துப்போன மிஷின்னு என் தலையில கட்டுனவனே இப்பத் திருப்பிக் கேக்கறான்."

"யாருக்கா, அந்த பஜார் டெய்லரா?"

"அவனேதான். சக்கரம் சுத்தல, பழைய இரும்புக்குத்தான் ஆகும்னு குடுத்தான். ஊட்டுல கழட்டிப் பாத்தா உள்ள பூரா தேங்காயெண்ணெய். மெழுகாட்ட உறைஞ்சு கெடக்குது."

"மிஷினுக்குப் போய் தேங்காயெண்ணெய் ஊத்துவாங்களா?"

"மேட்டுப்பாளையத்துல இருந்தப்ப அதைத்தான் ஊத்திப் பழகியிருக்கறான். அங்கத்த வெயிலுக்கு ஓடும், நம்ம குளுருக்கு ஓடுமா? மண்ணெண்ணெய் விட்டு, கோழி இறகுல கழுவி, வெயில்ல வெச்சேன். தொட்டதும் சக்கரம் சுத்துது."

"அப்புறம் எதுக்குத் திருப்பிக் கேக்கறானாம்?"

"ஓடுதுன்னு யாரோ சொல்லியிருக்கறாங்க. நேத்து வாசல்ல வந்து நிக்கறான். கொழுந்து பறிக்கற பொம்பளைக்கு மிஷின் எதுக்குன்னு கேக்கறான். ஊட்டுக்காரரும் குடுத்துத் தொலைங்கறாரு."

"குடுக்கறதுக்குத்தான் கொண்டு போறீங்களா?"

அவர் கம்பளியை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

"குடுக்கறதா? அவன் கடைக்கு நேர் எதுர்ல ஒரு கடை புடிச்சுட்டேன். இன்னிக்கு இந்தத் தலையை மிஷின் ஸ்டாண்டுல மாட்டறேன்."

"ஐயோ, சண்டைக்கு வருவானே அக்கா!"

"வரட்டும். வரும்போது அவன் மத்த மிஷினையும் தூக்கிட்டு வரச் சொல்லு. மார்கழிக் குளுருக்கு அதுவும் நின்னிருக்கும். எங்கிட்ட மண்ணெண்ணெய் மிச்சம் இருக்குது."